பயொப்சிக்குத் திகதி வந்துவிட்டதா? கேளுங்கள், சொல்கிறேன்

மமோகிராமில், அதாவது மார்பை எடுக்கிற எக்ஸ்ரே படத்தில், சந்தேகம் வந்து பயொப்சிக்கு (ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பதற்கு) காத்திருப்பவர்கள் கேட்கலாம் என்றதும் இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நான் டொக்டர் இல்லை. சர்ஜரி கிளினிக்கில் இருபது வருடத்துக்கு மேல் மிஸ்ஸாக, அதாவது தாதியாக நின்றவள், இப்போது பென்சன். சில வருடங்களுக்கு முன் எனக்கே இடப்பக்கம் இந்த ஊசி குத்தினார்கள், ஆகவே அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றதும் உண்டு, அதில் படுத்ததும் உண்டு.

உப்புவெளி, 48 வயது: மிஸ், ரிப்போர்ட்டில் "பைராட்ஸ் 4ஏ" என்று இருக்கிறது. கூகுளில் தேடி மூன்று நாளாக நித்திரை இல்லை. இது கான்சர்தானே?

இல்லை. பைராட்ஸ் என்பது மார்புப் படத்தில் கண்டது எவ்வளவு சந்தேகம் என்று போடுகிற படி. 4 என்றால் "படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல ஏலாது, சதையை எடுத்துப் பாருங்கள்" என்று படம் பார்த்தவர் சொல்வதுதான். அந்த 4க்குள்ளேயே மூன்று படி இருக்கிறது. ஏ என்றால் கான்சராக இருக்க 2 முதல் 10 வீதம் வரை, பீ என்றால் 10 முதல் 50, சீ என்றால் 50 முதல் 95. ஆக, உங்களைப் போல 4ஏ வந்த நூறு பேரை எடுத்தால் தொண்ணூறு பேருக்கு மேல் அது வேறு ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும்: நீர்க்கட்டி, பைப்ரோஅடினோமா என்கிற தீங்கில்லாத கட்டி, எப்போதோ அடிபட்டு இறுகின கொழுப்பு. அப்போ போகாமல் விடலாமே என்று மட்டும் எடுக்க வேண்டாம். மிச்சம் உள்ள சில பேரில் நீங்கள் இல்லை என்று தெரிய இந்த ஊசியைத் தவிர வேறு வழியில்லை. கூகுளை மூடுங்கள், இரவு இரண்டு மணிக்கு எதை வாசித்தாலும் அது கான்சராகத்தான் தெரியும்.

உவர்மலை, 52 வயது: எவ்வளவு நோகும்? உண்மையைச் சொல்லுங்கள் அக்கா.

உண்மையைச் சொன்னால், விறைக்கிற மருந்து போடுகிற முதல் அரை நிமிடம் எரியும், பல்லுப் பிடுங்கப் போனால் போடுவார்களே அது மாதிரி. அதற்குப் பிறகு நோவு இல்லை, அமத்துகிற உணர்வுதான். ஸ்கான் பார்த்துக்கொண்டே சின்னதாக ஒரு கீறல் போட்டு, அதற்குள்ளால் ஊசியை விட்டு, நூல் மாதிரி நாலைந்து துண்டு எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும், ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தச் சத்தம்தான், இத்தனைக்கும் எத்தனை பேருக்குப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்! ஆகவே தொடங்க முதல் "ஒருக்கா வெறுமனே அடித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள், பெரும்பாலும் காட்டுவார்கள். எல்லாம் முடிய அரை மணித்தியாலம் போல ஆகும். பிறகு அந்த இடத்தைப் பத்து நிமிடம் போல இறுக்கி அமத்திப் பிடிப்பார்கள், அது கொஞ்சம் அலுப்பு. தையல் வராது, பிளாஸ்டர்தான்.

இன்னொன்று. எடுத்த துண்டுகளைப் போடுகிற போத்தலில் உங்கள் பெயரும் இடமா வலமா என்பதும் சரியாக எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். என் சொந்த அக்காவின் போத்தல் ஓர் இடத்தில் பெயர் ஒட்டாமல் போய், எல்லாம் இரண்டாம் தரம் செய்ய வேண்டி வந்தது.

கிண்ணியா, 39 வயது: ராத்தா, ஆம்பிளை டொக்டர்தான் செய்வாரா? உடுப்பெல்லாம் கழற்ற வேணுமா?

மேல் உடுப்பு மட்டும்தான், அதிலும் செய்கிற பக்கம் தவிர மிச்சத்தை மூடிவிடச் சொல்லிக் கேட்கலாம். அபாயாவுக்குள் முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் பாவாடையும் போட்டுப் போங்கள், லேசாக இருக்கும். பெண் டொக்டர் வேண்டுமென்றால் திகதி போடும்போதே சொல்லிவிட வேண்டும், கட்டிலில் ஏறின பிறகு சொன்னால் அவர்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் திகதி பிந்தும். பெண் டொக்டர் இல்லாவிட்டால் ஒரு மிஸ் கூட நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

திருகோணமலை நகர், 44 வயது: மாமியார் ஊசி குத்தினால் கட்டி கிளம்பிப் பரவிவிடும் என்கிறார். கட்டிக்கு மேல் மருந்துப் பத்துப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்.

இதைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. மாமியாரில் பிழை இல்லை, அவர் கண்ட ஆட்கள் எல்லாம் பிந்திப் போனவர்கள், ஊசி குத்திக் கொஞ்ச நாளில் செத்தார்கள், ஆகவே ஊசிதான் கொன்றது என்று ஊரில் கதை வந்துவிட்டது. ஊசி குத்துவதால் கான்சர் உடம்பெல்லாம் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சத்திரசிகிச்சைக்கு முதல் இப்படி ஊசியால் எடுத்துப் பார்ப்பதுதான் உலகம் முழுக்க இப்போது வழமை. பரவ விடுவது தாமதம். பத்துப் போட்டு ஆறு மாதம் பார்த்துவிட்டு, தோல் வெந்து புண்ணாகி, கட்டி எது புண் எது என்று பிரிக்க ஏலாமல் வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். மாமியாரையும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், டொக்டர் வாயால் கேட்டால் ஒருவேளை இறங்கி வருவார்.

நிலாவெளி, 50 வயது: கட்டி ஒன்றும் இல்லை, "கல்சியம் படிவு" என்கிறார்கள். நெத்தலியும் பாலும் நிறுத்தட்டுமா?

வேண்டாம், நெத்தலிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. படத்தில் உப்புத்தூள் சிதறின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரியும், பெரும்பாலும் தீங்கில்லாதவை, சில வடிவத்தில் கூட்டமாக இருந்தால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். இது ஸ்கானில் அநேகமாகத் தெரியாததால் மமோகிராம் மெஷினிலேயே வைத்துச் செய்ய வேண்டியிருக்கும், அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. கொழும்புக்கு அனுப்பினால் "ஐயோ, முற்றிவிட்டதா" என்று பயப்பட வேண்டாம், மெஷின் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான். இரவு ரயிலில் திரும்பி வரலாம், ஆனால் பையை வேறு ஆள் தூக்கட்டும்.

மூதூர், 61 வயது: இதயத்துக்கு அஸ்பிரின் குடிக்கிறேன். நிறுத்தவா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் என்று இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கிற மருந்து எதுவென்றாலும் மருந்துக் கொப்பியைக் கொண்டு போய் இப்போதே காட்டிக் கேளுங்கள். செய்து முடித்த பிறகு நோவுக்குப் பனடோல் போதும்.

அன்புவழிபுரம், 45 வயது: பயொப்சி முடிந்து இரண்டாம் நாள் அம்மாவின் 31ஆம் நாள் கிரியை கன்னியாவில். வெந்நீர்க் கிணற்றில் குளிக்கலாமா?

அம்மாவை இழந்த கையோடு இதுவும் வந்திருக்கிறது, பாவம் பிள்ளை. கிரியைக்குப் போங்கள், ஆனால் காயத்தில் அந்தத் தண்ணீர் பட வேண்டாம், ஐயரிடம் சொல்லித் தலையில் கொஞ்சம் தெளித்துக்கொள்ளுங்கள். கடலும் அப்படித்தான், காயம் காயும் வரை இறங்க வேண்டாம். முதல் இரவு இறுக்கமான பிரா போட்டே படுங்கள், ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள், இரண்டு நாளைக்குத் தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர் எதையும் தூக்க வேண்டாம். நீலமாகக் கண்டிப்போவது ஒரு கிழமை இரண்டு கிழமையில் மாறும். அமத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டால், வீக்கம் கூடிக்கொண்டு போனால், காய்ச்சல் அடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தம்பலகாமம், ஒரு கணவர்: மனைவிக்குப் புதன்கிழமை பயொப்சி. நான் என்ன செய்ய வேண்டும்?

இத்தனை கேள்விக்குள் ஒரே ஒரு ஆம்பிளை. நன்றி தம்பி. "ஒன்றும் இருக்காது, யோசிக்காதே" என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் அவர் பயத்தை உங்களிடம் சொல்ல மாட்டார், குசினிக்குள் தனிய நின்று அழுவார். ரிப்போர்ட் வர ஒன்று இரண்டு கிழமை ஆகலாம், அந்த நாட்கள்தான் ஊசியை விடக் கஷ்டம், சமையலையும் பிள்ளைகளையும் நீங்கள் பாருங்கள். ரிப்போர்ட் எடுக்கிற நாளில் கொப்பியும் பேனையுமாக நீங்களும் உள்ளே போங்கள், ஏனென்றால் டொக்டர் சொல்கிற முதல் வசனத்துக்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறாது. "நல்லது" என்று வந்தாலும், படத்தில் கண்டதற்கும் இதற்கும் பொருந்துகிறதா, அடுத்த படம் எப்போது என்று கேட்டு எழுதுங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் காவலாக வெளியே நிற்க வேண்டாம்.