முல்லைத்தீவில் 92 ஆயிரம், கம்பஹாவில் 23 இலட்சம்: ஆளை எண்ணுவதா, நிலத்தை எண்ணுவதா?

கேள்வி: இலங்கை சிறிய தீவு. அதன் 25 மாவட்டங்களில் பரப்பளவும் சனத்தொகையும் ஏன் இவ்வளவு ஏறுமாறாக இருக்கின்றன? ஓரளவு சமமாகப் பிரித்திருக்க முடியாதா?

முடிந்திருக்கும். ஆனால் மாவட்டங்களை வகுத்தவர்கள் எவருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணமே இருக்கவில்லை. வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் வசதியாக ஒரு கச்சேரி (மாவட்டச் செயலகம்), அதைச் சுற்றி ஓர் எல்லை என்றுதான் இவை உருவாயின. பின்னாளில் தேவைக்கேற்ப வெட்டினார்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை பிரிந்தது. 1978இல் கொழும்பிலிருந்து கம்பஹா பிரிந்தது. முல்லைத்தீவு மாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான். 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்தது.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் மல்லாவியில் வளர்ந்தவன். பல ஆண்டுகளாகக் கம்பஹா மாவட்டத்தின் வத்தளையில் குடியிருக்கிறேன். நாட்டின் இரு கோடிகள் என்று சொல்லத்தக்க மாவட்டங்கள் இவை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கம்பஹாவில் 2,304,833 பேர், முல்லைத்தீவில் 92,238 பேர். கிட்டத்தட்ட 25 மடங்கு. நிலமோ தலைகீழ்: கம்பஹா 1,387 சதுர கிலோமீற்றர், முல்லைத்தீவு 2,617. நெருக்கத்தில் கொழும்பு மாவட்டம் இன்னும் மேலே. அங்கே ஒரு சதுர கிலோமீற்றருக்கு 3,438 பேர், முல்லைத்தீவில் 38 பேர். அநுராதபுரம் என்ற ஒரே மாவட்டம் (7,179 சதுர கிலோமீற்றர்) மூன்று மாவட்டங்கள் கொண்ட மேல் மாகாணத்தைப் (3,684) போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2024 கணக்கெடுப்பில் மொத்தச் சனத்தொகையில் கம்பஹா கொழும்பை முந்திவிட்டது என்பதைத் தவிர இந்தச் சித்திரம் பெரிதாக மாறவில்லை.

காரணத்தின் முதற்பாதி மழை. தென்மேற்கு மூலைக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் உண்டு, இடைப்பருவ மழையும் உண்டு. எஞ்சிய உலர் வலயத்துக்கு மார்கழியை ஒட்டிய சில மாதங்கள்தான். ஒரு காலத்தில் குளங்களைக் கட்டி அந்தக் குறையை வென்றார்கள். ஆனால் 13ஆம் நூற்றாண்டையொட்டி உலர் வலயத்தின் பழைய அரசான இராசரட்டை சரிந்ததும் மக்கள் தென்மேற்கே நகர்ந்தார்கள். கைவிடப்பட்ட குளங்களின் நாட்டை மலேரியா ஆண்டது. 1940களில் டி.டி.டி. பூச்சிகொல்லி தெளிக்கத் தொடங்கிய பிறகே உலர் வலயத்தில் பெருமளவில் குடியேற முடிந்தது. கல்லோயாத் திட்டம், பிறகு மகாவலி என்று அரசு ஆட்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தியது. அந்தக் குடியேற்றங்கள் கிழக்கிலும் வன்னியின் ஓரங்களிலும் இன விகிதத்தையே மாற்றியது தனிப் பதிலுக்குரிய விடயம். யாழ் குடாநாடு மட்டும் இந்த விதிக்கு விலக்கு. மழை குறைவுதான், ஆனால் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் நீர் இருந்தது; கிணறு தோண்டி இறைத்தே நெருக்கமாக வாழ்ந்துவிட்டார்கள்.

மறுபாதி போர். யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 738,788 பேர். 2012இல் 583,882 பேர். நாட்டின் மொத்தத் தொகை ஏறிக்கொண்டே வந்த 31 ஆண்டுகளில் ஒரு மாவட்டம் ஒன்றரை இலட்சம் பேரை இழந்திருக்கிறது. இடையில் 2001இல் எடுத்த கணக்கு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. வடக்கும் கிழக்கும் பெரும்பாலும் விடுபட்டுப்போயின. ஆகவே யாழ்ப்பாணத்தின் தொகையை இயற்கை வளர்ச்சி வீதத்தை வைத்து விளக்க முயல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதுண்டு.

இந்த வேறுபாடு அன்றாட வாழ்வில் எப்படித் தெரியும்? கிராம அலுவலரிடம் போனால் தெரியும். எங்கள் பக்கத்தில் அவரை இன்னமும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள், முல்லைத்தீவில் 136. வகுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு விதானையாருக்குச் சராசரியாக இரண்டரைச் சதுர கிலோமீற்றருக்கும் குறைவான இடம், சுமார் 1,340 பேர். முல்லைத்தீவில் சுமார் 680 பேர்தான். ஆனால் 19 சதுர கிலோமீற்றர். ஆளில் பாதி, நிலத்தில் எட்டு மடங்கு. நடுவே காடு, வயல், குளக்கட்டு, மாரியில் மூழ்கும் பாலம். வத்தளையில் கிராம அலுவலரின் பிரச்சினை வாசலில் நிற்கும் வரிசை. மல்லாவியில் அவருடைய பிரச்சினை மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல்.

கச்சேரியும் அப்படியே. மல்லாவியிலிருந்து முல்லைத்தீவு நகருக்குப் போக மாங்குளம் வந்து ஏ9 வீதியைக் கடந்து, ஒட்டுசுட்டான் வழியாக ஏறக்குறைய 60 கிலோமீற்றர் போக வேண்டும். காணிக் கடிதம் ஒன்றுக்காக என் தாயார் விடிய முன்னரே பஸ் ஏறி, மதியம் தாண்டி ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையொப்பம் குறைகிறது என்ற பதிலோடு இருட்டிய பிறகு வீடு திரும்பியது எனக்கு நினைவிருக்கிறது. ஊழியர் மீது பிழையில்லை, கையொப்பம் உண்மையிலேயே குறைந்தது. வத்தளையில் அதே கையொப்பம் குறைந்திருந்தால் அரை மணி நேரத்தில் வாங்கிவந்திருக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று அரசு ஒதுக்கும் பணத்தில் இந்த 60 கிலோமீற்றருக்கு இடமே இல்லை.

சரி, ஆள் குறைந்த பெரிய நிலத்துக்கு அரசியலில் எவ்வளவு எடை கொடுப்பது? இலங்கை இதற்கு ஒருமுறை நேரடியாகவே விடை எழுதியது. சுதந்திரத்தையொட்டி வந்த சோல்பரி அரசியலமைப்பில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம். 1947 தேர்தலில் மக்கள் தெரிவுசெய்த 95 ஆசனங்களில் 25 இப்படி நிலத்துக்காக வந்தவை. மேல் மாகாணத்துக்கு ஒன்று. வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்களுக்கு நான்கு நான்கு. பரந்து கிடக்கும் பகுதிகளுக்கும், அதன் வழியாகச் சிறுபான்மையினருக்கும் கொஞ்சம் கூடுதல் குரல் கிடைக்கட்டும் என்பது எண்ணம்.

அந்த முறையிலும் ஓர் ஓட்டை இருந்தது, சிறிய ஓட்டையும் அல்ல. எண்ணியது வாக்காளரை அல்ல, மொத்தச் சனத்தொகையை. 1948 குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து மலையகத் தோட்டத் தமிழர் வாக்குரிமை இழந்தார்கள். ஆனால் ஆசனங்களைக் கணக்கிடும்போது அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன. அவர்கள் பெயரால் கிடைத்த ஆசனங்களுக்கு அயலில் இருந்தவர்கள் வாக்களித்தார்கள். 1947இல் அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸின் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இருந்தார்கள், 1952இல் ஒருவரும் இல்லை.

1978 அரசியலமைப்பு நிலத்தை அடியோடு விட்டுவிட்டு வேறொன்றைப் பிடித்தது. 160 ஆசனங்கள் பதிவுசெய்த வாக்காளர் தொகைப்படி. மேலும் 36 ஆசனங்கள், மாகாணத்துக்கு நான்கு வீதம். 3,684 சதுர கிலோமீற்றர் கொண்ட மேல் மாகாணத்துக்கும் நான்கு, 10,472 கொண்ட வடமத்திய மாகாணத்துக்கும் நான்கு. இதைச் சிறிய பகுதிகளுக்கான சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. அந்த நான்கை மாகாணத்துக்குள் எந்த மாவட்டத்துக்கு எத்தனை என்று பிரிப்பதில்தான் விளையாட்டே இருக்கிறது.

2024 பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்ததுதான் வன்னித் தேர்தல் மாவட்டம். வாக்காளர் 306,081, ஆசனங்கள் 6. திருகோணமலையில் வாக்காளர் 315,925. ஆனால் ஆசனங்கள் 4 மட்டுமே. வன்னியைவிட ஏறத்தாழ பத்தாயிரம் பேர் கூட, ஆசனம் இரண்டு குறைவு. வடக்கின் நான்கில் மூன்று வன்னிக்கும் ஒன்று யாழ்ப்பாணத்துக்கும் போகிறது. கிழக்கின் நான்கில் திருகோணமலைக்குக் கிடைப்பது ஒன்று. வன்னியின் 6,580 சதுர கிலோமீற்றரைப் பார்த்தால் அதற்கு மூன்று கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நானே வன்னியான்தான். ஆனால் 2,727 சதுர கிலோமீற்றர் கொண்ட திருகோணமலையில் நான் பிறந்திருந்தால் இவ்வளவு பெருந்தன்மையாக எழுதியிருக்க மாட்டேன். நிலத்துக்கு எடை கொடுப்பதானால் பழைய முறையைப் போல அளந்து கொடுக்கட்டும். மாகாணத்துக்கு நான்கு என்று கொடுத்துவிட்டு அதை நிலத்தின் பெயரால் நியாயப்படுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்தின் கதை இன்னும் வினோதமானது. (இந்தத் தேர்தல் மாவட்டத்தில் கிளிநொச்சியும் அடங்கும்.) 2010இல் 9 ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. முதல் வீழ்ச்சிக்குக் காரணம் வாக்காளர் இடாப்பைத் திருத்தியது. 2010இல் 721,359 ஆக இருந்த எண்ணிக்கை 2015இல் 529,239 ஆனது. போய்விட்டவர்களின் பெயர்கள் அதுவரை இடாப்பில் தங்கியிருந்தன. இரண்டாவது வீழ்ச்சிதான் பலருக்குப் புரிவதில்லை, ஏனென்றால் இம்முறை வாக்காளர் கூடியிருக்கிறார்கள். 2024இல் 593,187 பேர். கூடிய பிறகும் ஏன் ஓர் ஆசனம் போனது?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாட்டின் மொத்த வாக்காளர் 17,140,354. இதை 160ஆல் வகுத்தால் சுமார் 107,127. யாழ்ப்பாணத்தின் தொகையில் இது ஐந்து முறை அடங்கும், மீதி 57,552. முழுமையாக அடங்கும் ஆசனங்களைக் கொடுத்து முடித்த பின் மிஞ்சும் ஆசனங்கள், மீதி கூடிய மாவட்டங்களுக்கு வரிசையாகப் போகும். கம்பஹாவின் 1,881,129 வாக்காளரில் அந்த எண் 17 முறை அடங்கி மீதி 59,970 வரும். கம்பஹாவுக்கு ஒன்று கிடைத்தது, யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கவில்லை. இரண்டு மீதிகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,400 பேர்தான். 2015இல் அதே கணக்கில் யாழ்ப்பாணத்துக்கு 5.63 வந்தது, மேலே ஏறியது. 2024இல் 5.54, கீழே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் வாக்காளர் கூடினாலும் மற்ற இடங்களில் அதைவிட வேகமாகக் கூடியிருந்தார்கள். அந்த முறை கொழும்பும் ஓர் ஆசனத்தை இழந்தது. கம்பஹாவும் களுத்துறையும் ஒவ்வொன்று பெற்றன. ஆகவே இதில் சதியைத் தேடுபவர்கள் முதலில் ஒரு கல்குலேட்டரைத் தேடினால் நல்லது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2024 கணக்கில் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசனத்துக்குச் சுமார் 98,900 வாக்காளர், கம்பஹாவில் 99,000. வித்தியாசமே இல்லை. வடக்கு என்றாலே கூடுதல் பிரதிநிதித்துவம் என்று கொழும்பில் யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். கூடுதல் இருப்பது வன்னியில் மட்டும், அங்கே ஓர் ஆசனத்துக்கு 51,000.

இனி எல்லைகளைச் சமமாக வரைவது பற்றி. ஆளைச் சமமாக்கினால் வடக்கின் ஐந்து மாவட்டங்களும் ஒன்றாகிவிடும். 2012இல் அந்த மாகாணம் முழுவதற்குமே 10 இலட்சத்து 61 ஆயிரம் பேர்தான், கம்பஹாவில் பாதிகூட இல்லை. ஒரே கச்சேரி யாழ்ப்பாணத்தில் இருந்தால் மன்னார்க்காரர் என்ன செய்வார்? நிலத்தைச் சமமாக்கினால் கொழும்பு, கம்பஹா இரண்டும் ஒரே கச்சேரியின் கீழ் வந்து, 1978க்கு முந்திய நிலைக்கே திரும்பிப் போகும். எனக்குக் கேட்டால், மாவட்ட எல்லைகளை அப்படியே விட்டுவிட்டுக் கச்சேரியின் வேலைகளை, மல்லாவி அடங்கும் துணுக்காய் போன்ற பிரதேச செயலகங்களுக்கு இறக்குவதே போதும் என்பேன்.

இணையத்தில் பரப்பளவை ஒப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கை மாவட்டங்களுக்கு இரண்டு எண்கள் புழங்குகின்றன, உள்நாட்டு நீர்நிலைகளைச் சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. நான் மேலே கொடுத்தவை சேர்த்தவை. நெருக்கத்தை மட்டும் நிலப்பரப்பை வைத்துக் கணக்கிட்டிருக்கிறேன். கொழும்பில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 23 சதுர கிலோமீற்றர்தான். அநுராதபுரத்தில் 515. அதாவது அங்கே குளத்து நீர் மட்டும் கொழும்பு மாவட்டத்தின் முக்கால் பங்கு அளவுக்கு இருக்கிறது. இரண்டு பட்டியல்களிலிருந்து எண்களைக் கலந்து எடுத்தால் கணக்கு உதைக்கும்.