கல்லூரியின் தொலைநோக்குத் திட்டத்துக்கு எல்லோரிடமும் ஏன் கருத்துக் கேட்க வேண்டும்?

பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கல்லூரி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் தொலைநோக்குத் திட்டம். நிர்வாகக் குழுவோடு ஆசிரியர், மாணவர், பணியாளர் எல்லோரும் சேர்ந்தே இதுபோன்ற நிறுவன வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2020 தேசியக் கல்விக் கொள்கை.

குறை எங்கே என்பது அதை அனுபவிப்பவருக்குத்தான் தெரியும். நூலகத்தை இரவு 8 மணி வரை திறக்கலாம் என்று முதல்வர் அறையில் முடிவாகும். ஊருக்குக் கடைசிப் பேருந்து ஐந்தரைக்கே போய்விடும் என்பது அதில் ஓடிப்போய் ஏறும் மாணவிக்குத்தான் தெரியும். சமைப்பவரைக் கேட்காமல் கொத்தனார் அடுப்பு மேடை கட்டினால் தினமும் முதுகு வலிப்பது யாருக்கு? அதே கதைதான். எந்த யோசனையை ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்று அறிவிப்புப் பலகையில் கட்டாயம் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பலர் நினைப்பதுபோல, கருத்துக் கேட்பது வாக்கெடுப்பு அல்ல. முடிவெடுக்கும் பொறுப்பு நிர்வாகத்திடமே இருக்கும்.