சும்மாடும் ஈட்டியும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் காட்டிய வீரத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு நெருடல். தன்னை அடிமையாக்கியவனுக்காகத் துப்பாக்கி தூக்குவது என்ன வீரம்? அது கூலிக்கு மாரடிப்பதுதானே?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அது அவர்களுடைய போர் இல்லை என்பது சரி. சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு, ஊர்த்தலைவர் பிடித்துக் கொடுத்தவர்களும் உண்டு. வெள்ளைக்காரச் சிப்பாயின் சம்பளமும் அவர்களுக்குக் கிடையாது. ஆனாலும் உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

நைஜீரியா, கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), சியரா லியோன், காம்பியா என்ற மேற்கு ஆப்பிரிக்கக் காலனிகளின் ஆட்களைக் கொண்ட பிரிட்டிஷ் ராணுவத்தின் 81ஆவது டிவிஷன், பர்மாவின் மேற்கே அரக்கானில் இருக்கும் கலடான் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்க வழியே இல்லை. மலையை வெட்டிச் சுமார் 75 மைல் ஜீப் பாதை போட்டார்கள். அதற்கு அப்பால் சாப்பாடும் தோட்டாவும் விமானத்திலிருந்து விழுந்தால்தான் உண்டு. விழுந்ததைக் காட்டுக்குள் கொண்டுபோனது மனிதத் தலை. சுமை தூக்குவதற்கென்றே தனிப் படைப்பிரிவு இருந்தது. குண்டு பாயும் இடத்தில் தலையில் பாரத்தோடு நடப்பவனால் சட்டென்று படுக்கவும் முடியாது, திருப்பிச் சுடவும் முடியாது. பின்னால் வந்த 82ஆவது டிவிஷனின் சின்னமே சும்மாட்டுக்குள் குறுக்காகச் செருகிய இரண்டு ஈட்டிகள். எனக்கு அந்தச் சும்மாடுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஐசக் ஃபடோயெபோவை எடுத்துக்கொள்ளுங்கள். நைஜீரியர், மருத்துவ உதவியாளர், வயது இருபதுகூட ஆகவில்லை. 1944 மார்ச்சில் கலடான் கரையில் ஜப்பானியர் தாக்கியபோது தொடை எலும்பு நொறுங்கிப்போனது. உயிரோடு இருந்தவர்கள் பின்வாங்க, அவரும் சியரா லியோனைச் சேர்ந்த டேவிட் கார்க்போவும் காட்டில் தனியாகக் கிடந்தார்கள். ஷுயிமான் என்ற முஸ்லிம் விவசாயி சோறு கொடுத்தார், அப்புறம் தன் வீட்டிலேயே ஒளித்து வைத்தார். சுற்றிலும் ஜப்பானியர், தெரிந்திருந்தால் அந்தக் குடும்பமே மிஞ்சியிருக்காது. ஒன்பது மாதம் கழித்து, டிசம்பரில், கூர்க்காக்கள் வந்துதான் மீட்டார்கள். இதில் எந்த இடத்தில் கூலியைக் கண்டீர்கள்?

யாருக்காகச் சண்டை போட்டோம் என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்தது. 1948 பிப்ரவரி 28 அன்று, சொன்ன வேலையும் ஓய்வூதியமும் கிடைக்காத முன்னாள் சிப்பாய்கள் பிரிட்டிஷ் கவர்னரிடம் மனு கொடுக்க, கோல்டு கோஸ்டின் தலைநகர் அக்ராவில் ஊர்வலமாகப் போனார்கள். கையில் ஆயுதம் இல்லை. கவர்னர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டைக்குப் போகும் சாலையில் மறித்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி தானே துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். சார்ஜென்ட் அட்ஜெட்டே, கார்ப்போரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே மூவரும் செத்தார்கள். ஊர் கொதித்தெழுந்து பற்றி எரிந்தது. பின்னாளில் கானாவின் முதல் பிரதமரான நிக்ருமா உள்பட ஆறு விடுதலை இயக்கத் தலைவர்களை அரசு பிடித்து வைத்தது. 1957இல் கோல்டு கோஸ்ட் விடுதலை பெற்றுக் கானா ஆனது. அந்த மூவருக்கு அக்ராவில் இன்றும் ஆண்டுதோறும் பிப்ரவரி 28 அன்று மலர் வளையம் வைக்கிறார்கள்.