நண்டுப் பிடிப்புக்குப் பெர்மிட்டும் கட்டணமும் வைப்பதால் யாருக்கு நன்மை?

கேள்வி: வணிக அளவில் நண்டு பிடிப்பவர்களிடம் பெர்மிட்டுக்கு இவ்வளவு, கூண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறார்களே, அதனால் நண்டு இனம் காப்பாற்றப்படுகிறதா? இல்லை, அரசுக்கு வருமானம் மட்டும்தானா?

கலிபோர்னியாவில் ஹாஃப் மூன் பே துறைமுகத்துக்கு அருகில் வசிக்கிறேன். சீசன் தொடங்கினால் படகிலிருந்தே நண்டு வாங்கி வருவோம். அந்தப் பழக்கத்தில் ஒரு படகுக்காரர் குடும்ப நண்பராகவே ஆகிவிட்டார். எனக்குத் தெரிந்த இந்தக் கடலை வைத்துச் சொல்கிறேன்: நீங்கள் கேட்ட இரண்டுமே இல்லை.

இங்கே பிடிபடும் டன்ஜனஸ் நண்டைக் காப்பவை, பெர்மிட் முறை வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த மூன்று விதிகள். பெண் நண்டைப் பிடிக்கக் கூடாது. ஓட்டின் அகலம் ஆறேகால் அங்குலத்துக்குக் குறைவான ஆணையும் பிடிக்கக் கூடாது. ஓடு கழற்றி, உடம்பில் சதையில்லாமல் இருக்கும் மாதங்களில் கூண்டே இறக்கக் கூடாது. ஆண் நண்டு அந்த அளவை எட்டுவதற்கு முன்பே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். அதனால் அளவுக்கு வந்த ஆண்களில் பெரும்பகுதியை ஒவ்வொரு சீசனிலும் அள்ளி எடுத்தாலும் இனம் அழியாமல் நிற்கிறது.

நண்பரின் படகில் ஒரு நாள் நின்று பார்த்தேன். கூண்டு மேலே வந்ததும் நண்டை எடுத்து மல்லாக்கத் திருப்புகிறார். அடிவயிற்று மடல் அகன்று வட்டமாக இருந்தால் பெண். எடுத்த கையோடு கடலுக்குப் போய்விடுகிறது. கூம்பி இருந்தால் ஆண். முதுகில் அளவுகோல் ஏறுகிறது. இரண்டு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளைச் சேர்க்காமல், அதற்குச் சற்று முன்னால் அளக்க வேண்டும். ஒரு நூல் குறைந்தாலும் கடலுக்குத்தான். கூண்டின் ஒரு பக்கத்தைப் பருத்தி நூலால் கட்டியிருந்தார். கூண்டு தொலைந்து போனால் அந்த நூல் மட்கி அறுந்து வழி திறக்கும். உள்ளே இருக்கும் நண்டு வெளியேறிவிடும்.

அப்படியென்றால் பெர்மிட் எதற்கு? படகுக்காரர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. 1995இல் புதிய படகுகள் வருவதை நிறுத்தினார்கள். இன்றைக்குச் சுமார் 550 பெர்மிட்டுகள்தாம் இருக்கின்றன. ஆனால் படகின் எண்ணிக்கையை நிறுத்தினார்களே தவிர, கூண்டின் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள். பக்கத்துப் படகு 300 கூண்டு இறக்கினால் நாம் 600 இறக்க வேண்டும் என்ற போட்டி கிளம்பியது. கடலில் இருக்கும் நண்டு அதேதான். முதல் சில வாரங்களிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பதால், புயலோ காற்றோ பாராமல் ஓடினார்கள். ஒவ்வொருவரும் கூண்டில் பணத்தைப் போட்டார்கள்; எல்லோரும் சேர்ந்து பிடித்த நண்டு கூடவே இல்லை.

இதை நிறுத்தியது 2013இல் வந்த கூண்டு வரம்பு. ஒவ்வொரு பெர்மிட்டும் ஏழு அடுக்குகளில் ஒன்றில் வைக்கப்பட்டது: மேலே 500 கூண்டு, கடைசியில் 175. ஒவ்வொரு கூண்டின் மிதவையிலும் அரசு தரும் பிளாஸ்டிக் வில்லை தொங்க வேண்டும். வில்லை ஒன்றுக்கு 5 டாலர், கூண்டு வரம்புக்கான பெர்மிட்டுக்கு 1,000 டாலர்; இரண்டுமே இரண்டு ஆண்டுக்கு. 500 கூண்டு வைத்திருப்பவர் இரண்டு ஆண்டுக்கு 3,500 டாலர் கட்டுகிறார். திட்டத்தை நடத்தும் செலவுக்காகவே இந்தக் கட்டணம். இதற்கு மேல் போகக் கூடாது என்று சட்டத்திலேயே உச்சவரம்பும் இருக்கிறது. வருமானம் பார்க்கும் வழி என்று சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை.

அந்த வில்லையின் அருமை பிறகுதான் தெரிந்தது. 2015இல் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறி, பாசி பெருகி, நண்டில் டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு சேர்ந்தது. நவம்பரில் திறக்க வேண்டிய சீசன் இந்தப் பகுதியில் 2016 மார்ச் கடைசியில்தான் திறந்தது. கூன்முதுகுத் திமிங்கலங்கள் இரை தேடி வரும் காலம் அது. கூண்டுக்கும் மிதவைக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் கயிறுகளில் அவை சிக்கின. அந்த ஆண்டு மேற்குக் கடற்கரையில் திமிங்கலங்கள் கயிற்றிலும் வலையிலும் சிக்கியதாக 71 தகவல்கள் பதிவாயின. 2017இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு மாநிலத்தின் மீது வழக்குப் போட, 2019இல் சமரசமானது. 2020 நவம்பர் முதல் புதிய விதி: திமிங்கலங்கள் அருகில் இருந்தால் சீசனைத் தள்ளிப்போடலாம், முன்னதாக மூடலாம், கூண்டுகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லலாம். 2025 ஜனவரியில் இங்கே சீசன் திறந்தபோது பாதிக் கூண்டுதான் அனுமதி. ஏற்கெனவே ஒவ்வொரு கூண்டும் எண்ணப்பட்டிருந்ததால்தான் "பாதி" என்ற சொல்லுக்கே பொருள் இருந்தது. எத்தனை கயிறு கடலில் நிற்கிறது என்று தெரியாத இடத்தில் எதைப் பாதியாக்குவது?

ஆனால் என்னால் ஏற்க முடியாத ஒன்று இந்த முறையில் இருக்கிறது. அடுக்கு பிரித்தது 2003 நவம்பர் முதல் 2008 ஜூலை வரை யார் எவ்வளவு நண்டு பிடித்துக் கரையில் இறக்கினார்கள் என்ற கணக்கை வைத்து. அதிகம் இறக்கிய முதல் 55 பெர்மிட்டுக்கு 500, அடுத்த 55க்கு 450 என்று இறங்கிக்கொண்டே போகும். போட்டியைக் கிளப்பியதில் பெரும்பங்கு யாருடையதோ, அவர்களுக்கே பெரும்பங்கு கிடைத்தது. அந்த ஐந்து சீசனில் அப்போதுதான் தொழிலுக்கு வந்தவருக்கு அது தலைவிதியாகிவிட்டது. இன்று ஓர் இளைஞர் உள்ளே வர வேண்டுமானால் அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்து இன்னொருவரிடம் பெர்மிட் வாங்க வேண்டும்.

பாதி வெட்டும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் விழுகிறது. 500 கூண்டுப் படகு 250 வைத்துச் சமாளித்துக்கொள்ளும். 175 கூண்டுக்காரருக்கு மிஞ்சுவது 87. டீசலும், ஆள் கூலியும், படகுக் கடன் தவணையும் பாதியாகக் குறைவதில்லை. அந்தச் சிறு படகுகள் எல்லாம் சேர்ந்து கடலில் நிறுத்தும் கயிறு கொஞ்சம்தான். வெட்டை மேல் அடுக்கிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் கடற்கரையில் இப்படி ஒரு திட்டம் வருகிறதென்றால், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். எந்த ஆண்டுகளின் கணக்கை வைத்துப் பங்கு பிரிக்கப் போகிறார்கள் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பட்டியல் வெளியான பிறகு அதை மாற்றுவது மிகக் கடினம்.