'அரியர்' என்பதை விண்ணப்பக் கடிதத்தில் எழுதலாமா?

'ஐ ஹேட் டூ அரியர்ஸ்' என்று இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டாம், 'ஐ ரீசாட் டூ மாட்யூல்ஸ் அண்ட் பாஸ்ட் போத்' (இரண்டு பாடங்களை மீண்டும் எழுதி இரண்டிலும் தேறினேன்) என்று எழுதுங்கள்.

காரைக்குடியில் 'எத்தனை அரியர்?' என்றால் தேறாத பாடங்களின் கணக்கு என்று எல்லோருக்கும் புரியும். இங்கிலாந்திலோ அந்தச் சொல்லுக்கு வாடகை, கட்டணம் போன்றவற்றில் கட்டாமல் நிற்கும் பாக்கி என்பதே பொருள் ஆதலால், நீங்கள் கல்லூரிக்குப் பணம் தர வேண்டியவர் என்று படிப்பவர் நினைத்துவிடக்கூடும்.

நீங்கள் அனுப்பிய கடித வரிகளில் 'பாஸ்ட் அவுட் இன் 2022' என்பதையும் கண்டேன். அது அங்கே பெரும்பாலும் மயங்கி விழுந்ததைக் குறிக்கும் என்பதால் 'கிராஜுவேட்டட்' என்று அவசியம் மாற்றிவிடுங்கள்.

அனுப்புமுன், கல்லூரி வழக்காக வரும் ஒவ்வொரு சொல்லையும் பிரிட்டிஷ் அகராதி ஒன்றில் பாருங்கள். 'இந்தியன் இங்கிலிஷ்' என்ற குறிப்பு இருந்தால் வேறு சொல் தேடுங்கள்.

ஆனால் அழகப்பா பல்கலைக்கழகம் தந்த மதிப்பெண் பட்டியலில் அச்சாகியுள்ள பாடப்பெயர்களை மாற்றாதீர்கள். அவை கடிதத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கும் விண்ணப்பிப்பதானால், 'ரீசாட்', 'மாட்யூல்ஸ்' ஆகியவற்றுக்குப் பதிலாக 'ரீட்டுக்', 'கோர்சஸ்' என்று எழுதுவதே அங்குள்ள வழக்கம்.