சுங்கை சிப்புட் அண்ணனுக்கு: ஹைலக்ஸை விற்காதீர்கள்

அண்ணே, டீசல் விலை ஏறியதால் உங்கள் டொயோட்டா டீசல் பிக்கப் ஹைலக்ஸை விற்றுப் பழைய பெட்ரோல் பிக்கப் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்குத் தாவியபோது எனக்கும் வயிறு கலங்கியது. சரி, கணக்குப் போடுவோம். டீசல் உதாரணத்துக்கு 3 வெள்ளி, லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 27 காசு. சலுகை விலைப் பெட்ரோல் 1.99, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 25 காசு. நீங்கள் சொன்ன தினம் 40 கிலோமீட்டருக்கு மாதம் 30 வெள்ளிகூட மிச்சமாகாது. செம்பனைக் குலை ஏற்றி மேட்டில் ஏறினால் அதுவும் கரைந்துவிடும்.

அப்புறம், டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரை மறக்காமல் வடியுங்கள். அந்தத் தண்ணீர் உள்ளே போய், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கெட்டால்தான் பெரிய செலவு. டீசல் வண்டிக்காரர்களுக்கு அரசு தரும் புடி மடானி உதவித்தொகைக்கு மனுச் செய்துவிட்டீர்களா?