கேட்காத வேலைக்குப் பில்: பணம் கட்டும்வரை காரைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை சர்வீஸுக்கு விட்டேன். ஆயில், ஃபில்டர், பிரேக் செக்கப் எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய் என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எடுக்கப் போனால் பில் 41,350 ரூபாய். முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) இரண்டுக்கு 9,400, கிளட்ச் செட்டுக்கு 14,600, டீகார்பனைசிங் (எஞ்சினில் படிந்த கரியை நீக்குவது), ஏசி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் மூன்றுக்கும் 6,900, கன்ஸ்யூமபிள்ஸ் (கிரீஸ், துணி போன்ற சில்லறைப் பொருள்கள்) 2,250. எதற்கும் என்னிடம் கேட்கவில்லை, பழைய பாகங்களையும் காட்டவில்லை. முழுப் பணமும் கட்டினால்தான் சாவியாம். ஒன்பது நாளாக, நாளுக்கு 300 ரூபாய் பார்க்கிங் வேறு போடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: "ரொம்ப அதிகமாக வாங்குகிறார்கள்" என்று புகார் எழுதாதீர்கள். ஒர்க்‌ஷாப் லேபர் இவ்வளவுதான் என்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. விலையை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகின்றன. உங்கள் வழக்கின் பலம் சம்மதத்தில் இருக்கிறது. 8,200 ரூபாய் வேலைக்குத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். மீதி 33,150 ரூபாய்க்கு உங்கள் ஒப்புதல் எங்கே என்று அவர்கள்தான் காட்டியாக வேண்டும்.

பில்லை வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியிலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் சொன்ன வேலையா? உண்மையில் நடந்த வேலையா? பாகத்தின் விலை எம்.ஆர்.பி.க்குள் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்தது. பில்லில் பாகத்தின் அடிப்படை விலையோடு ஜி.எஸ்.டி.யைக் கூட்டினால் வரும் தொகை அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளை மீறியதாகும். தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் தனியாகவே புகார் செய்யலாம். அதனால் பாகங்களின் பார்ட் நம்பரையும் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு விஷயம் உறுத்துகிறது. லோயர் ஆர்ம் இரண்டையும் கழற்றி மாற்றினால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணச் சீரமைப்பு) பார்க்காமல் வண்டியைத் தரக் கூடாது. பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும், வண்டி இழுக்கும். நீங்கள் கொடுத்த கணக்கில் அலைன்மென்டுக்கு ஒரு வரிகூட இல்லை. செய்திருந்தால், முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாள் இருக்கும், கேளுங்கள். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இறக்கியிருந்தால் அதன் போல்ட் தலைகளில் புதிதாக ஸ்பேனர் பட்ட தடம் தெரியும். வண்டி கைக்கு வந்ததும் அதிகம் ஓட்டாமல், மழையில் நனையவிடாமல், இரண்டு மூன்று நாளுக்குள் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர் (வாகன மதிப்பீட்டாளர்) ஒருவரிடம் காட்டி, தேதியிட்ட படங்களோடு எழுத்து வடிவ அறிக்கை வாங்குங்கள். நாள் தள்ளினால் "அதற்குப் பிறகு வேறு யாரோ கழற்றியிருக்கிறார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது சாவி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, ஒரு பொருளின்மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் அதற்கு உரிய கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளும் பற்றுரிமையைத் தருகிறது. மெக்கானிக்குக்கும் இது உண்டு. ஆனால் உரிமை, ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்பச் செய்த வேலையின் கூலிக்குத்தான். சொல்லாத வேலைக்குக் கிடையாது. பார்க்கிங் வாடகையும் அப்படித்தான்: நீங்கள் முன்பே ஒப்புக்கொள்ளாதவரை, தன் பாக்கிக்காகத் தானே பிடித்து வைத்திருக்கும் வண்டிக்கு உங்களிடம் வாடகை கேட்க இந்தப் பிரிவில் இடமில்லை.

ஆகவே இன்றே 8,200 ரூபாயைச் செலுத்தத் தயார் என்று வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் எழுதி, வண்டியைக் கேளுங்கள். மறுத்தால் இரண்டு வழி. வண்டி இல்லாமல் சமாளிக்க முடியுமென்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாரோடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவின்கீழ் இடைக்கால மனுவும் போட்டு, தேவையானால் பிரச்சினைக்குரிய தொகையை ஆணையத்தில் கட்டி, வண்டியை விடுவிக்கக் கேட்கலாம். வண்டி உடனே வேண்டுமென்றால் பணத்தைக் கட்டுங்கள், ஆனால் ரொக்கமாக வேண்டாம். கட்டுவதற்கு முன் இதை அனுப்புங்கள்: "ஜாப் கார்டில் நான் சம்மதித்த 8,200 ரூபாய் தவிர மற்ற தொகையை நான் ஏற்கவில்லை. வண்டியை மீட்க வேறு வழியில்லாததால் ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன். திரும்பப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." வற்புறுத்தலால் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு. வண்டியை எடுக்கும்போது நீட்டும் "திருப்தி" படிவத்தில் மட்டும் கையெழுத்திட வேண்டாம். அந்த ஒரு தாள் உங்கள் வழக்கைப் பாதியாக்கிவிடும். சாவியைப் பறிப்பது, சண்டை போடுவது எதுவும் கூடாது.

"போனில் கேட்டோம், சரி என்றீர்கள்" என்பது அவர்களுடைய முதல் பதிலாக வரும். அந்த நாட்களின் அழைப்புப் பட்டியலை எடுத்து வையுங்கள். ஜாப் கார்டின் பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள். "கூடுதல் வேலைக்கு வாடிக்கையாளர் சம்மதிக்கிறார்" என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தாலும் அதை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று மாவட்ட ஆணையத்தில் வாதிடாதீர்கள். அந்த வகைப் புகார் மாநில ஆணையத்துக்குரியது; உங்கள் மனு வாசலிலேயே திரும்பிவிடும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். முறையான பில் தர மறுத்தால் அதுவே முறையற்ற நடைமுறைதான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பெயருள்ள நிறுவனங்கள் பல இதற்கே இறங்கி வருவதுண்டு. பிறகு 15 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதிவேற்றலாம். ஜாப் கார்டு, பில், பணம் செலுத்திய சான்று, சர்வேயர் அறிக்கை, உரையாடல் பிரதிகள், பிரமாண வாக்குமூலம் இவற்றை இணையுங்கள். கழற்றிய பாகங்களையும் கொள்முதல் பில்களையும் ஒர்க்‌ஷாப் கொண்டுவர உத்தரவிடுமாறும் கேளுங்கள். புதுக் கிளட்ச் செட் வாங்கிய பில்லே இல்லாத ஒர்க்‌ஷாப்புக்கு அந்த உத்தரவுக்குப் பதில் சொல்வது கடினம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள்தான். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியது அறிக்கையில் உறுதியானால் அது ஏமாற்று. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். வெறும் பில் தகராறு என்றால் அங்கே "சிவில் விவகாரம்" என்றுதான் சொல்வார்கள்.

கிளட்ச் உண்மையிலேயே மாற்றப்பட்டு, பழையது தேய்ந்திருந்ததும் நிரூபணமானால், உங்களுக்குக் கிடைத்த பயனைக் கணக்கிட்டு அந்தத் தொகையின் ஒரு பகுதியை ஆணையம் கழிக்கக்கூடும். டீகார்பனைசிங், கோட்டிங், விவரமே இல்லாத கன்ஸ்யூமபிள்ஸ் ஆகியவற்றில் உங்கள் நிலை மிகவும் வலுவானது. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நோட்டீஸ் போனதும் சமரசத்துக்கு வந்தால் ஏற்கத் தயங்க வேண்டாம். தொகையை எழுத்தில் வாங்கி, அது வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு புகாரை வாபஸ் பெறுங்கள்.